பீமன் சைக்கிள்

எங்கள் ஊரில் இரும்பு நிற்காது. உப்பளத்திலிருந்து வரும் காற்று கேட்டைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், வாங்கி ஒரு மழைக்காலம் தாண்டாத மோட்டார் சைக்கிளின் சைலன்சரைத் தின்னும், தின்ற மிச்சத்தைக் காவிப்பொடியாக வாசலில் கொட்டிவிட்டுப் போகும். ஆகவே உப்பளக் குடியிருப்பின் கடைசி வீட்டில், எடைமேடை ஆவுடையப்பனின் முன்சுவரில், ஆணியில் தொங்கிய சிவப்பு சைக்கிள் ஃப்ரேமில் துரு ஏறவில்லை என்பதைத்தான் நாங்கள் முதலில் கவனித்தோம். அது வளர்கிறது என்பதைக் கவனித்தது அதற்குப் பிறகுதான்.

அது ஆவுடையப்பனின் ஒரே மகன் சந்தனகுமாரின் சைக்கிள். கப்பலில் சமையல் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. மேல் குழாயில் பி.எம்.எக்ஸ் என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அதை வேகமாகச் சொல்லிச் சொல்லிப் பீமெக்ஸ் ஆக்கி, பீமெக்ஸைப் பீமன் ஆக்கி, கடைசியில் குடியிருப்பு முழுக்க அது பீமன் சைக்கிள் ஆயிற்று. இவ்வளவு பொடி சைக்கிளுக்கு எவன் பீமன் என்று பேர் வைத்தான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உப்பு அம்பாரத்தின் மேலிருந்து அது குதித்திறங்கி ஒரு போல்ட்கூடத் தளராமல் நிற்பதைப் பார்த்த பிறகு கேட்க மாட்டார்கள்.

இப்போதும் நாங்கள், அந்தக் காலத்துப் பையன்கள், தொப்பையும் வழுக்கையுமாக ஏதாவது கல்யாண வீட்டில் சேர்ந்துகொண்டால் பேச்சு அதன் பாகங்களுக்குத்தான் போகும். ஐந்து கை வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் சக்கரங்கள். போக்ஸ் கம்பியே கிடையாது, அதனால் கோட்டம் எடுக்கும் வேலையும் கிடையாது, "எனக்குச் சோறு போடாத வீலுல இது" என்று சைக்கிள் கடை மீரான் வாய் நிறையத் திட்டுவார், திட்டிக்கொண்டே துணியால் துடைத்தும் கொடுப்பார். மாட்டுக்கொம்பாக மேலே வளைந்த ஹேண்டில் பார், அதன் நடுவே ஒரு குறுக்குத் தண்டு, விழுந்தால் நெஞ்சில் இடிக்காமலிருக்க அந்தத் தண்டுக்கு ஒரு பஞ்சு உறை. ஹேண்டிலை நான்கு போல்ட்டில் கவ்விப் பிடித்த தடித்த கழுத்து. பின்பக்கமாக மிதித்தால் சட்டென்று நின்றுவிடும் பிரேக். பல் வைத்த பெடல்கள்: கால் வழுக்காது, ஆனால் வழுக்கிவிட்டால் முழங்காலுக்குக் கீழே எல்லாப் பல்லும் பதியும், அந்தத் தழும்பு இல்லாதவனை எங்கள் தெருக்காரன் என்று நாங்கள் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணிகூட இல்லை. "என்னத்த சைக்கிளு, ஒரு குடம் தண்ணி வைக்க எடமில்ல" என்றார்கள் எங்கள் அம்மாக்கள். ஆனால் வாடகை சைக்கிளின் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம் என்பதே பெரிய ராஜ்ஜியமாக இருந்தது. சந்தனம் கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பான். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடி வருவான்.

ஹேண்டிலுக்கு முன்னால் ஒரு தகடு இருந்தது. மஞ்சளில் கறுப்பாக 27 என்று எண். பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் கட்டிக்கொள்கிற எண் அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் அதை வண்டி நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த எண்தான் வினையாகப் போயிற்று. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சையில் சந்தனம் கணக்கில் வாங்கியதும் அதே இருபத்தேழு. "சைக்கிள்ல உள்ளதைப் பாத்துப் பேப்பர்ல எழுதிட்டு வந்திருக்கான்" என்று தெருவில் யாரோ சொல்ல, அது டீக்கடைக்குப் போய், டீக்கடையிலிருந்து லாரி ஏறி, எடைமேடைக்கே போய்ச் சேர்ந்து, எடை போட நின்ற டிரைவர் ஒருவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், உங்க வீட்டு வண்டி இருபத்தேழா?" என்று கேட்டுச் சிரித்தான்.

ஆவுடையப்பன் கெட்ட மனுஷர் இல்லை. உப்பு ஏற்றிய லாரிகளை எடை போட்டு அனுப்புவதுதான் அவர் வேலை. அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கிலோ கூடக்குறைய எழுதியவர் இல்லை என்று பேர். முள் காட்டுவது என்னவோ அதுதான் அவருக்கு உலகம். பேச்சும் அப்படித்தான், தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. அன்றைக்கு மத்தியானம் அவர் மீரானிடம் ஸ்பேனர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார், எதற்கு என்று மீரான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். நாங்கள் போய்ப் பார்க்கும்போது சைக்கிள் சைக்கிளாக இல்லை. சக்கரங்கள் ஒருபக்கம், ஹேண்டில் ஒருபக்கம், பெடல்களும் சீட்டும் தகடும் கோணிமேல் கிடந்தன, பக்கத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தனம் சுவரோரமாக நின்றான். அழவில்லை.

ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கியது. பேரீச்சம்பழக்காரன் ஏமாற்றிவிடக் கூடாதென்று ஆவுடையப்பனே குனிந்து முள்ளைப் பார்த்தார். கடைசியில் ஃப்ரேமைக் கொக்கியில் மாட்டியதும் தராசுக்கோல் தடாலென்று ஒருபக்கம் சாய்ந்து, பழக்காரன் கையை விட்டே போய்விட்டது. கையிலிருந்த படிக்கல்லையெல்லாம் மறுதட்டில் வைத்துப் பார்த்தான், எதிர்வீட்டு அம்மிக் குழவியைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தான், ஃப்ரேம் தரையை விட்டு எழும்பவில்லை. "அண்ணாச்சி, எங்கிட்ட கல்லு பத்தாது. நாளைக்கிப் பெரிய தராசோட வாரேன்" என்று மற்றதை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். நாங்களெல்லாம் ஒரே கையால் தூக்கிச் சுழற்றிய ஃப்ரேம் அது. அதைப் பற்றி அப்போது ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை, எல்லாரும் சந்தனத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவுடையப்பன் அவன் கொடுத்த பழத்தைத் தட்டில் கொட்டி மகன் முன்னால் வைத்தார். "தின்னு. ஒன் சைக்கிளுதான்" என்றார்.

அவன் ஒரு பழத்தை எடுத்துத் தின்றான். கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கை கழுவப் போகிறவன் மாதிரி எழுந்து வெளியே போனான். போனவன்தான்.

ரயிலடியில் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டில் தேடினார்கள், துறைமுகத்தில் கிளம்பத் தயாராய் நின்ற தோணிகளில் ஏறித் தேடினார்கள். அங்க அடையாளம் என்ன என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது அவன் அம்மா உலகம்மாள், இடது முழங்காலுக்குக் கீழே பெடல் பல் பட்ட தழும்பு என்றாள். அன்றைக்குக் கூடப் போயிருந்த எங்கள் எல்லார் காலிலும் அது இருந்ததைப் பார்த்துப் போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டார். மறுநாள் பெரிய தராசோடு வந்த பழக்காரனை உலகம்மாள் விளக்குமாற்றோடு தெருமுனை வரைக்கும் விரட்டினாள். திரும்பி வந்து ஃப்ரேமை எடுத்து முன்சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். அவள் கைக்கு அது லேசாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஒருநாள் காலையில் வாசல் பெருக்கும்போது விளக்குமாறு ஃப்ரேமில் இடித்தது. ஆணியை ஏன் கீழே இறக்கினீர்கள் என்று கணவனைக் கேட்டாள், அவர் இறக்கவில்லை. ஏற்றி மாட்டினாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் இடித்தது. மீரானைக் கூப்பிட்டாள். மீரான் டேப்பை வைத்து அங்குமிங்கும் அளந்து பார்த்தார், அந்த மஞ்சள் சக்கரம் இனிமேல் இதற்குச் சேராது என்றார், பெரிய சக்கரம்தான் வேண்டும் என்றார், பிறகு தாம் சொன்னது என்னவென்று தமக்கே உறைத்து வாயை மூடிக்கொண்டார்.

உலகம்மாள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஃப்ரேமின் மேல் குழாயைத் தடவினாள். "வளருதான்" என்றாள். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் டெய்லர் சூசைமாணிக்கத்தை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவர் கழுத்தில் டேப்போடு வந்து, யாருக்கு மதனி அளவு என்று கேட்க, அவள் சுவரைக் காட்டினாள். சூசைமாணிக்கம் பள்ளிக்கூடம் முழுசுக்கும் யூனிபாரம் தைக்கிற ஆள், எத்தனையோ கோணல் தோளுக்குத் தைத்துப் பழகியவர், ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு மேல் குழாயைத் தோளுக்கும், சீட்டுக் குழாயைக் காலுக்கும், கீழ்க் குழாயை உடம்பு நீளத்துக்கும் வைத்துக்கொண்டு அளந்தார், சந்தனத்துக்குத் தாம் தைத்த பழைய அளவோடு மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டார். கிளம்பும்போது உலகம்மாள் வாசல் வரை வந்தாள். "தம்பி, வளர்ற பிள்ளை. கொஞ்சம் லூசாவே தைங்க" என்றாள்.

அப்படித்தான் அது எங்கள் தெருவின் வழக்கமாயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி ஃப்ரேமுக்கு அளவெடுத்து ஒரு சட்டை, ஒரு பேண்ட். மஞ்சள் வைத்து ஒரு வருஷம் பீரோவில் இருக்கும். அடுத்த தீபாவளிக்குப் புதுசு தைத்ததும் பழையது தெருவில் அந்த அளவுக்கு இருக்கிற பையனுக்குப் போகும். எங்களில் சந்தனத்தின் சட்டையைப் போடாதவன் கிடையாது. ஒருவரும் கூச்சப்பட்டதில்லை, உலகம்மாள் சட்டையைப் போட்டுவிட்டுப் பின்னால் திருப்பிப் பார்க்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வோம். வோட்டர் லிஸ்ட் எடுக்க வந்த வாத்தியார், வீட்டில் பதினெட்டு வயசு ஆனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, தெருக்காரர்கள் சொல்லச் சுவரைப் போய்ப் பார்த்து, இன்னும் ஒரு வருஷம் போகட்டும் அம்மா என்றார். கம்பெனி என்ஜினீயர் வந்து வெயிலில் இரும்பு விரியத்தான் செய்யும் என்று விளக்கினார், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். கல்யாணத் தரகர் ஒருவர் ஜாதகத்தோடு வந்தபோதுதான் உலகம்மாள் முதல்முறையாகச் சிரித்தாள். "அவனைக் கேக்காம நான் எப்படிய்யா சொல்ல முடியும்?" என்றாள்.

ஒரு கோடையில் ஃப்ரேம் தொட முடியாமல் கொதித்தது. நிழலில் இருந்தும் பெயிண்ட் கொப்பளித்தது. உலகம்மாள் ஈரத்துணி சுற்றிச் சுற்றி எடுத்தாள், சோறு தண்ணீர் இல்லாமல் சுவரோரமாகவே கிடந்தாள், தெருவில் ஒரு வாரம் ரேடியோ பாடவில்லை. கொதிப்பு இறங்கியபோது கீழ்க் குழாயில் முன்பில்லாத ஒரு வளையம் இருந்தது. மீரான் விரலால் தடவிப் பார்த்து, உடைஞ்ச இடத்துல வெல்டிங் வச்ச மாதிரி இருக்கு மதனி, நல்ல வேலைக்காரன் கை என்றார். காலையோ கையையோ எங்கேயோ உடைத்துக்கொண்டிருக்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. உலகம்மாள் அழுதாள். அழுதுவிட்டு, "யாரோ ஒருத்தர் பாத்திருக்காங்கல்லா" என்றாள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ஆவுடையப்பன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகன் போன நாளிலிருந்து அவர் அந்தச் சுவர்ப் பக்கம் வருவதில்லை, வேலைக்குப் போகவும் வரவும் புறவாசலைத்தான் பயன்படுத்தினார்.

பன்னிரண்டு வருஷம் ஓடியது. காணாமல் போனவன் பன்னிரண்டு வருஷம் திரும்பாவிட்டால் தர்ப்பையில் அவன் உருவம் செய்து எரித்து, கருமாதி செய்து முடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உலகம்மாளின் தம்பி குத்தாலிங்கம் அதற்காகத்தான் தென்காசியிலிருந்து வந்தார். அவருடைய மகளுக்கு வரன் தள்ளித் தள்ளிப் போனது, போனவன் செத்தவனாகவும் இல்லாமல் இருப்பவனாகவும் இல்லாமல் நிற்கிற குடும்பத்தில் நல்லது நடக்காது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தர்ப்பைப் பொம்மையை எரித்த கையோடு அந்த ஃப்ரேமையும் கடலில் இறக்கிவிட வேண்டும் என்றார் குத்தாலிங்கம்.

"இரும்பு வளருதுன்னு அக்கா சொல்லுதா, தெருவே ஆமாங்கு. நீங்க படிச்சவிய, நீங்க சொல்லுங்க அத்தான். அவன் இருந்தா ஒரு கடுதாசி போட மாட்டானா?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஆவுடையப்பன் மனசு தெரிந்துதான் இருந்தது. மகன் செத்துவிட்டான் என்று யாராவது தீர்த்துச் சொல்லிவிட்டால் அவர் அழுது தீர்த்துவிடலாம். இருக்கிறான் என்றால், அந்தத் தட்டும் அந்தப் பழமும் தினம் தினம் அவர் முன்னால் வந்து நிற்கும். கடைசியில், "சரி மாப்ள, செஞ்சிருவோம்" என்றார். உலகம்மாள் போய் ஃப்ரேமுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

கருமாதிக்குக் குறித்த நாள் காலையில் ஆவுடையப்பன் முன்வாசல் வழியாக வெளியே வந்தார். மனைவியைத் தாண்டிப் போய் ஆணியிலிருந்து ஃப்ரேமைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். அது அப்போது ஆள் உயரம் இருந்தது, ஆனாலும் குடை மாட்டியது போல லேசாகத் தொங்கியது. கடலுக்குத்தான் போகிறார் என்று நாங்கள் பின்னால் போனோம். அவர் எடைமேடைக்குப் போனார். மேடையில் ஏறி நின்ற லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார், டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள், லாரி நிற்கிற அந்தப் பெரிய இரும்பு மேடையின் நடுவில் ஃப்ரேமைப் படுக்க வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தராசுக்கோலின் குண்டை மெல்ல மெல்ல நகர்த்தினார். டன் கணக்குக்குச் செய்த மேடை அது, ஓர் ஆட்டுக்குட்டி ஏறினால் அசைந்துகொடுக்காது. கோல் எழுந்தது. அவர் குண்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்.

"அம்பத்தெட்டு கிலோ இருக்கான் மாப்ள" என்றார். "ஒல்லியாத்தான் இருக்கான். சாப்பாடு சரியில்ல போல."

வெளியே வந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். "அன்னைக்கே தராசு சொல்லிச்சு. பழக்காரன் கைத்தராசு. நீ ஒம் பிள்ளையத் தூக்கி வச்சிருக்கேன்னு சொல்லிச்சு. முள்ளப் பாக்கத்தான எனக்குச் சம்பளம், பாத்துக்கிட்டுத்தான நின்னேன்" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷர் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. குத்தாலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தர்ப்பைக் கட்டு அவிழ்க்காமலேயே ஊருக்குத் திரும்பியது. அவருடைய மகளுக்கு அந்தத் தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் சைக்கிளின் பாகங்களைத் தேட ஆரம்பித்தார். காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கினார். ஒரு மஞ்சள் சக்கரம் இளநீர் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது, இன்னொன்றை ஒரு தோட்டத்தில் கிணற்று உருளையாக மாட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஹேண்டில் பார் சலூன் சுவரில் துண்டு காயப்போடும் கொம்பாக இருந்தது. பெடல்கள் ஒரு காயலான் கடைக்காரன் டப்பாவில் மற்ற ஆயிரம் திருகாணிகளோடு கிடந்தன. எண் தகடு மட்டும் வருஷக்கணக்கில் கிடைக்கவில்லை, பிறகு பார்த்தால் மேட்டுப்பட்டித் தெருவில் இருபத்தேழாம் நம்பர் வீட்டுக்காரர்கள் அதைக் கதவு நம்பராக அடித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் புதுத் தகடு எழுதிக்கொடுத்துவிட்டு வாங்கி வந்தார். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

"இம்புட்டுப் பெரிய ஃப்ரேமுக்கு இந்தப் பொடி சாமானெல்லாம் சேராதே அண்ணாச்சி" என்றார் மீரான்.

"சேராட்டா இருக்கட்டும். அவன் சாமானுல்லா" என்றார் ஆவுடையப்பன்.

ஃப்ரேம் ஒரு கட்டத்தில் உயர்வதை நிறுத்திக்கொண்டது. பிறகு குழாய்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தன, சூசைமாணிக்கம் பேண்ட் இடுப்பில் வருஷத்துக்கு ஓரிஞ்சு சேர்த்தார், "நல்ல சாப்பாடு கிடைக்கி போல மதனி" என்று கிண்டலும் செய்தார். தைத்த துணி இப்போது எங்களைப் போன்ற ஆட்களுக்குப் போயிற்று. ஆவுடையப்பன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு எடைமேடைக்குப் போய் வருவார். வந்து மனைவியிடம் எடையைச் சொல்வார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் அன்றைக்குச் சாப்பிடுவாள்.

உலகம்மாள் ஓர் ஐப்பசி மழையில் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அவளைத் தூக்குவதற்கு முன்னால் நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தோம். பெயிண்ட் உதிரும், தண்ணீர் கசியும், ஆணியை விட்டு இறங்கிவிடும், என்னென்னவோ எதிர்பார்த்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. ஃப்ரேம் எப்போதும் போல நன்றாக, ஆரோக்கியமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா போனது அவனுக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமையாக ஒன்றை நாங்கள் அந்தச் சுவரில் பார்த்ததில்லை. பிள்ளை போட வேண்டிய கொள்ளியை ஆவுடையப்பனே போட்டார். பீரோவில் அந்த வருஷத்துச் சட்டை மஞ்சள் வைத்து மடித்தபடி இருந்தது, அதை யாருக்கும் கொடுக்காமல் அவளோடு வைத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த தீபாவளிக்கு அவர் டெய்லரைக் கூப்பிடவில்லை. சூசைமாணிக்கம் தானாக வந்தார், வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கடுத்த தீபாவளிக்கும் அப்படித்தான். முன்வாசல் கதவு சாத்தியே கிடந்தது. ஆவுடையப்பன் மறுபடி புறவாசலுக்குப் போய்விட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டோம், இனி அந்த வீட்டில் அவ்வளவுதான் என்றும் பேசிக்கொண்டோம்.

மழை விட்டிருந்த ஒரு மார்கழிக் காலையில் மீரானைக் கூப்பிட்டுவிட்டார். மீரானுக்கும் அப்போது கண் மங்கிவிட்டது, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஃப்ரேமில் பெடல் அச்சு போகிற இடத்துக்குப் பக்கத்தில், குழாய்கள் சேருகிற மூலையில், சின்னதாக ஒன்று முளைத்திருந்தது. பெயிண்ட் கட்டி என்று நினைத்து ஆவுடையப்பன் சுரண்டப் போயிருக்கிறார், சூடாக இருந்ததால் கையை எடுத்துவிட்டார். நாள் போகப் போக அது நீண்டது, வளைந்தது, பிரிந்து சேர்ந்தது. கோடை முடிந்து ஆடிக்காற்று அடித்தபோது மேல் குழாய், கீழ்க் குழாய், சீட்டுக் குழாய் எல்லாம் தெரிந்தன. விரித்த கையளவு. புத்தம் புது சிவப்பு. மீரான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பீமன் சைக்கிள் அண்ணாச்சி" என்றார். "பழைய மாடலேதான்."

ஆவணியில் ஒருநாள் அது தானாக விடுபட்டு ஆவுடையப்பனின் கையில் விழுந்தது. பிடித்தவர் அந்த எடையில் கொஞ்சம் குனிந்துபோனார். நாங்கள் தாங்கப் போனோம், வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஆயிரமாயிரம் லாரிகளை எடைபோட்ட மனுஷர், இரண்டு உள்ளங்கையிலும் அதை வைத்துக்கொண்டு நின்றார்.

"மூணு கிலோ" என்றார். "நல்ல எடை."

எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில், எந்த ஊரோ என்ன பாஷையோ, நாற்பது வயசுக்கு மேல் ஒருத்தன் முதல் பிள்ளையைக் கையில் வாங்கியிருக்கிறான். காலில் பெடல் தழும்பு இருக்கும். ஆவுடையப்பன் பெரிய ஃப்ரேமுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு சின்ன ஆணி அடித்து, முனைக்குத் துணி சுற்றி, அதை மாட்டினார். அன்றைக்குச் சாயங்காலமே கட்டிலுக்கு அடியிலிருந்த மூட்டையை வெளியே எடுத்துப் பிரித்தார். மஞ்சள் சக்கரங்களைத் துடைத்தார், ஹேண்டிலின் குறுக்குத் தண்டுக்குப் புதுப் பஞ்சு உறை தைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தனுப்பினார். தகட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அந்த எண்ணை முழுக்க அழித்தார். பிறகு அரத்தை எடுத்துக்கொண்டு பெடல்களின் பற்களை ஒவ்வொன்றாக ராவினார். கூர் போய் விரலுக்கு மழமழவென்று ஆகும்வரைக்கும் ராவிக்கொண்டிருந்தார்.

தீபாவளி வந்தது. முன்வாசல் கதவு திறந்திருந்தது. சூசைமாணிக்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், அவர் இப்போது தைப்பதில்லை, மருமகன்தான் கடையைப் பார்க்கிறான், ஆனாலும் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு பேரன் கையைப் பிடித்து வந்து சேர்ந்தார். முதலில் பெரிய ஃப்ரேமை அளந்தார். பிறகு சின்னதின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார், டேப்பை விரித்தார்.

"அண்ணாச்சி, ஆணா பொண்ணான்னு தெரியலயே. என்னத்தத் தைக்க?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன், உலகம்மாள் நின்று சொல்லும் அந்த இடத்துக்கு, வாசல் நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"எதுவானாலும் சரி சூசை" என்றார். "வளர்ற பிள்ளை. கொஞ்சம் லூசாவே தைங்க."